மாற்றுச் சான்றிதழ்

சென்ற ஜூன் மாதத்தில் ஒரு நாள் அஸர் தொழுகை முடிந்து பள்ளிவாசல் திண்ணையில் அமர்ந்திருந்தோம். அண்டைத் தெருவைச் சேர்ந்த இளைஞர் ஒருவர் கையில் மடித்த தாளொன்றுடன் எம்மிடம் வந்து ஸலாம் உரைத்துப் பக்கத்தில் அமர்ந்தார். வெளியூர்க் கல்லூரி ஒன்றில் இளங்கலை முதலாண்டு முடித்திருப்பவர். அங்கிருந்து விலகி, வீட்டிலிருந்தே சென்றுவரக்கூடிய கல்லூரியில் இரண்டாமாண்டு சேர விரும்புகிறார். அதற்கான விண்ணப்பத்தைப் பிழை பார்த்துத் தரவேண்டுமாம்.

"ஏன் மாறுகிறீர்கள், தம்பி?" என்று கேட்டோம்.

"மனம் ஒட்டவில்லை, ஹஜ்ரத்" என்றார். சற்று நேரம் கழித்து, "ஒரு வருஷம் வீணாய்ப் போய்விடுமோ என்றுதான் பயமாக இருக்கிறது" என்றார்.

விண்ணப்பத்தில் இரண்டே பிழைகள் இருந்தன. திருத்திக் கொடுத்துவிட்டோம். ஆனால் அவருடைய அச்சம் எம்மை விட்டுப் போகவில்லை. ஏறக்குறைய முப்பத்தாறு ஆண்டுகளுக்கு முன் அதே அச்சத்தோடு, அதே போன்ற ஒரு தாளை ஏந்தி நாமும் நின்றிருக்கிறோம்.

கல்லூரி மாறும் மாணவர் பெறவேண்டிய முதற் சான்றுக்குத் தமிழில் மாற்றுச் சான்றிதழ் என்று பெயரிட்டிருக்கிறார்கள். பெயரிட்டவர் நினைத்தாரோ இல்லையோ, தமிழில் மாற்று என்பதற்குப் பொன்னின் தரம் என்றும் பொருள் உண்டு. பத்தரை மாற்றுத் தங்கம் என்கிறோமே, அந்த மாற்று. இன்னொரு கடைக்குப் போகும் பொன்னை அங்குள்ளவர் மீண்டும் உரைத்துப் பார்ப்பது போலவே, இன்னொரு கல்லூரிக்குப் போகும் மாணவரும் மீண்டும் ஒருமுறை உரைகல்லில் ஏற வேண்டியிருக்கிறது. அரபியிலோ 'நக்ல்' என்ற வேர்ச்சொல், பெயர்த்துச் செல்வதையும் குறிக்கும். ஒருவரிடம் கேட்டதை மற்றவரிடம் சேர்ப்பிப்பதையும் குறிக்கும். அந்த வேரிலிருந்து வந்த 'இந்திகால்' என்னும் சொல்லால் மரணத்தையே மரியாதையாகக் குறிப்பிடுவோரும் நம் சமுதாயத்தில் இருக்கிறார்கள். ஆனால் அன்று எம் நிலையில் இந்த ஆராய்ச்சிக்கெல்லாம் இடமிருக்கவில்லை.

கல்விக்காக இடம் மாறுவது நம் முன்னோருக்குப் புதிதன்று. ஒரேயொரு ஹதீஸைக் கேட்பதற்காக ஜாபிர் இப்னு அப்துல்லாஹ் (ரலி) அவர்கள் ஒரு மாதப் பயணம் மேற்கொண்ட செய்தியை ஸஹீஹுல் புகாரியிலேயே காண்கிறோம். கடற்கரை ஊர்களில் வாழும் நாம் பின்பற்றும் மத்ஹபின் இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்கள் ஹிஜ்ரி 150-ல் காஸாவில் பிறந்து, மக்காவில் வளர்ந்து, மதீனாவில் இமாம் மாலிக் (ரஹ்) அவர்களிடம் பயின்று, இராக்கில் இமாம் முஹம்மத் இப்னுல் ஹஸன் (ரஹ்) அவர்களிடம் பயின்று, இறுதியில் மிஸ்ரு நாட்டில் தங்கி ஹிஜ்ரி 204-ல் மறைந்தார்கள். இராக்கில் அவர்கள் கூறியவற்றைப் 'பழைய சொல்' என்றும், மிஸ்ரில் கூறியவற்றைப் 'புதிய சொல்' என்றும் ஃபிக்ஹு நூல்கள் பிரித்துப் பேசுகின்றன. அவ்வளவு பெரிய இமாமுக்கே ஊர் மாறியபோது பழைய பாடத்தில் பலவற்றை விட்டுக்கொடுக்க நேர்ந்ததென்றால், நமக்கு ஒரு தாள் இரண்டு தாள் போவதா பெரிது!

"இமாமவர்களிடம் மதீனாவில் யார் மாற்றுச் சான்றிதழ் கேட்டார்கள்?" என்று வேடிக்கையாகக் கேட்பவர்கள் உண்டு. நாம் அதை ஒப்புக்கொள்வதில்லை. யாரிடம் ஓதினீர், என்ன ஓதினீர், ஓதிக்கொடுத்தவர் யாரிடம் ஓதினார் என்று தலைமுறை தலைமுறையாகத் துருவிக் கேட்டவர்கள் ஹதீஸ் கலையினர். இஸ்னாது கேட்காத கல்வி நம்மிடம் இருந்ததே இல்லை. ஆகவே சான்று கேட்பதில் எமக்குக் குறை இல்லை. சான்றைக் கையில் வைத்துக்கொண்டு தரமறுப்பதுதான் குறை. அதைச் சொல்லத்தான் இவ்வளவு சுற்றி வந்தோம்.

மத்ரஸாவில் ஓதிக்கொண்டே தனித்தேர்வராகப் பள்ளித் தேர்வுகளையும் எழுதி முடித்திருந்தோம். 1988-ல் மவ்லவி ஸனது பெற்றதும் சென்னையில் ஒரு கல்லூரியில் வரலாறு படிக்கச் சேர்ந்தோம். கல்லூரிப் படிப்பை எம் உஸ்தாத் அவர்கள் தடுக்கவில்லை. "போங்கள், ஆனால் அரபியை விட்டுவிடாதீர்கள்" என்று மட்டும் சொன்னார்கள். சொல்லிவிட்டுத் தம் அலமாரியிலிருந்து 'அல்முன்ஜித்' அகராதியை எடுத்து எம் கையில் வைத்தார்கள். லூயிஸ் மஃலூஃப் என்ற கிறிஸ்தவப் பாதிரியார் தொகுத்து, 1908-ல் பெய்ரூத்தில் முதன்முதலாக வெளிவந்த நூல் அது. எம் கைக்கு வந்தது பிந்திய பதிப்பு. ஓரங்களில் உஸ்தாத் அவர்களுடைய பென்சில் குறிப்புகள், அரபுத்தமிழில், எறும்பு வரிசை போல.

அக்கல்லூரியில் முதற்பகுதி மொழிப்பாடமாக அரபியை எடுக்கலாம். ஏழாண்டுகள் கிதாபு ஓதிய எமக்கு அந்தப் பாடம் விளையாட்டாக இருந்தது. உஸ்தாதின் சொல்லையும் காத்தாயிற்று, மதிப்பெண்ணும் வந்தது.

1989 பிப்ரவரியில் வாப்பாவைப் பக்கவாதம் தாக்கியது. வலக்கையும் வலக்காலும் போயின; பேச்சு குழறியது. வீட்டில் உம்மாவும் மணமாகாத இரண்டு தங்கையரும். வாப்பாவைத் தூக்கி உட்கார வைக்க ஓர் ஆண்பிள்ளை வேண்டியிருந்தது. தேர்வை எழுதி முடித்ததும், ஊரிலிருந்து பேருந்தில் போய்வரும் தூரத்திலிருந்த கல்லூரியின் முதல்வரைக் கண்டோம். "வரலாற்றில் ஓர் இடம் இருக்கிறது. ஜூலைக்குள் எல்லாச் சான்றுகளோடும் வாருங்கள்" என்றார் அவர்.

சென்னைக் கல்லூரியின் முதல்வர் ஆட்சேபம் இல்லை என்று உடனே எழுதிக் கொடுத்தார். அதை எடுத்துக்கொண்டு அலுவலகத்துக்குச் சென்றோம். அங்கிருந்து விடுதிக் கணக்கருக்கு அனுப்பினார்கள். "உமக்கென்று அறை ஒதுக்கியிருக்கிறோம். அடுத்த ஆண்டு விடுதிக் கட்டணத்தில் பாதியைக் கட்டினால்தான் நிலுவை இல்லை என்று எழுதமுடியும்" என்றார் அவர். தங்கப்போகாத அறைக்குக் கட்டணமா என்றோம். விதி என்றார். விதியைக் காட்டுங்கள் என்றோம். நாளை வாரும் என்றார். நாளை என்பது பன்னிரண்டு நாட்களாக வளர்ந்தது. இடையில் ஒருமுறை வாப்பாவுக்கு உடல்நிலை மோசமென்று தந்தி வரவே, நெல்லை எக்ஸ்பிரஸில் ஊருக்குப் போய்த் திரும்பினோம். திரும்பியபோதும் அதே நாற்காலி, அதே பதில். நாம் அவரைச் சபிக்கவில்லை. சபிக்க நினைத்தோம் என்பதை மறைக்கவும் இல்லை.

பதின்மூன்றாம் நாள், பெட்டியிலிருந்து முன்ஜிதை எடுத்துக்கொண்டு நடந்தோம். மூர் மார்க்கெட் 1985-ல் தீக்கிரையான பின் அருகிலேயே இடம் பெயர்ந்திருந்த பழைய புத்தகக் கடைகளுள் ஒன்றில் அதைக் கொடுத்தோம். கடைக்காரர் முதுகட்டையைத் தடவிப் பார்த்தார். உள்ளே பென்சில் எழுத்தைக் கண்டு முகம் சுளித்து விலையைக் குறைத்தார். வேறு இரண்டு கிதாபுகளையும் சேர்த்துக் கொடுத்தோம். போதாத தொகையை விடுதிச் சமையற்காரர் கடனாகத் தந்தார். அவருக்கு அல்லாஹ் நற்கூலி வழங்குவானாக. மறுநாளே மாற்றுச் சான்றிதழ் கைக்கு வந்துவிட்டது.

பல்கலைக்கழகமும் மாறுகிறதாகையால் சேப்பாக்கத்தில் இடப்பெயர்வுச் சான்றிதழ் வாங்க வேண்டியிருந்தது. பிறகு மதுரைக்கு வெளியே பல்கலை நகருக்குப் போய், முதலாண்டில் படித்த தாள்கள் இங்குள்ள தாள்களுக்கு ஈடானவையே என்று ஏற்பு வாங்கவேண்டியிருந்தது. இரண்டிடத்திலும் எம்மை எவரும் அலைக்கழிக்கவில்லை. வரலாற்றுத் தாள்களும் ஆங்கிலமும் ஏற்கப்பட்டன. அரபிதான் நின்றது. புதிய கல்லூரியில் அரபி கிடையாது. முதற்பகுதியில் தமிழ் எடுக்க வேண்டும். முதலாண்டுத் தமிழ்த் தாள்களையும் இரண்டாமாண்டுத் தாள்களோடு சேர்த்து எழுதவேண்டும். கையெழுத்திட்டுக் கொடுத்துவிட்டு வெளியே வந்தபோதுதான் உஸ்தாதின் சொல் நினைவில் தைத்தது. அகராதியும் போயிற்று, அரபியும் போயிற்று.

இப்னு மாலிக்கின் அல்ஃபிய்யாவை மனப்பாடமாக ஒப்பிக்கத் தெரிந்த எமக்கு ஒரு வெண்பாவை அசை பிரிக்கத் தெரியாது. வகுப்பில் பையன்களெல்லாம் எம்மைவிட இளையவர். தாடியும் தொப்பியுமாகக் கடைசிப் பலகையில் அமர்ந்து தேமா, புளிமா என்று விழித்துக்கொண்டிருந்தோம். பேராசிரியர் நெற்றியில் திருநீறு துலங்கும் பெரியவர். ஒருநாள் வகுப்பு முடிந்ததும் அழைத்து, "உங்கள் மொழியில் யாப்பு கிடையாதா, தம்பி?" என்றார். உண்டென்று சொல்லி, 'ஃபஊலுன்' என்றோம். கரும்பலகையில் எழுதச் சொன்னார். எழுதினோம். சற்று நேரம் பார்த்தவர், "ஃபஊ, நிரை, லுன், நேர். இது புளிமா அல்லவா!" என்றார். 'மஃபாஈலுன்' என்றோம், புளிமாங்காய் என்றார். அல்ஃபிய்யா முழுதும் ஓடும் ரஜஸ் யாப்பின் 'முஸ்தஃப்இலுன்' தேமாங்கனி ஆயிற்று. அரபியில் அசை எண்ணும் முறையே வேறு என்பது எமக்குத் தெரியும், அவருக்கும் தெரிந்திருக்கும். ஆயினும் அன்று மாலையே எமக்கு யாப்பிலக்கணத்தின் கதவு திறந்துவிட்டது. அடுத்த மாதம் சீறாப்புராணப் பகுதி வந்தபோது, விலாதத்து, நுபுவ்வத்து, ஹிஜ்ரத்து என்ற காண்டப் பெயர்களுக்குப் பொருள் சொல்லும் வேலையை அவர் எம்மிடம் விட்டுவிட்டார். உமறுப் புலவரை நாம் முறையாகப் படித்தது திருநீறு பூசிய ஒருவரிடம்தான். இதைச் சொல்ல எமக்கு வெட்கமில்லை. முன்பே படிக்காததற்குத்தான் வெட்கம்.

வகுப்புக் குறிப்புகளை அரபுத்தமிழில்தான் எழுதிவந்தோம். கை அந்த எழுத்தில்தான் வேகமாக ஓடும். உம்மா பள்ளிக்கூடம் போனவரல்லர், தமிழெழுத்து அறியார். ஆனால் அரபுத்தமிழ் வாசிப்பார். ஓர் இரவு எம் குறிப்பேட்டைத் தாமாகவே எடுத்து, வாப்பாவின் கட்டிலருகே அமர்ந்து சீறாவின் செய்யுளொன்றை எழுத்துக்கூட்டி வாசிக்கலானார். அவருக்கும் பாதி புரியவில்லை. வாப்பா கண்ணை மூடிக் கேட்டிருந்தார். நிறுத்தியபோது இடக்கையை அசைத்தார், இன்னும் வாசி என்று. பிறகு அது வழக்கமாயிற்று. நாம் கல்லூரிக்குப் போவது எமக்காகவா, அந்த இரவு வாசிப்புக்காகவா என்று தெரியாமல் ஓராண்டு கழிந்தது. முதலாண்டுத் தமிழ்த் தாளொன்றில் 31 மதிப்பெண் பெற்றுத் தோற்றோம். அடுத்த முறை எழுதித் தேறினோம். அதற்குள் வாப்பா இல்லை.

வாப்பாவை நலம் விசாரிக்க உஸ்தாத் அவர்கள் ஒருமுறை வீட்டுக்கு வந்திருந்தார்கள். பேச்சினிடையே ஏதோ ஒரு சொல் வந்தது. "முன்ஜிதை எடுங்கள், பார்த்துவிடுவோம்" என்றார்கள். "நண்பர் ஒருவரிடம் இருக்கிறது" என்றோம். உம்மா எம் முகத்தைப் பார்த்தார். உஸ்தாத் தலையசைத்தார்கள், மேலே ஒன்றும் கேட்கவில்லை. 1996-ல் அவர்கள் மறையும்வரை கேட்கவே இல்லை. நாமும் சொல்லவில்லை.

அன்று திண்ணையில் அமர்ந்திருந்த தம்பியிடம் இதையெல்லாம் சொல்லவில்லை. சொல்லவேண்டியதைச் சொன்னோம். இப்போதிருக்கும் கல்லூரி தன்னாட்சிக் கல்லூரியா என்று கேட்டோம், ஆம் என்றார். அப்படியானால் பாடத்திட்டம் அவர்களுடையது; போய்ச் சேரும் கல்லூரியின் தாள்களோடு ஒவ்வொன்றாக ஒப்பிட்டு, எது விடுபடும், எதைப் புதிதாக எழுதவேண்டும் என்பதை எழுத்தில் வாங்கிக்கொண்ட பிறகே விலகல் கடிதம் கொடுக்கவேண்டும் என்றோம். மொழிப்பாடத்தை முதலில் பாரும் என்றோம். யாரும் அதை முதலில் பார்ப்பதில்லை. 2018 அக்டோபரில் பல்கலைக்கழக மானியக் குழு வெளியிட்ட அறிவிக்கைப்படி, மாணவரின் அசல் சான்றிதழ்களைக் கல்லூரி பிடித்துவைத்துக்கொள்ளலாகாது. நடப்புப் பருவத்துக்கோ ஆண்டுக்கோ உரியதற்கு மேல் கட்டணத்தை முன்கூட்டி வாங்கலாகாது. இதன் படியொன்றைக் கையில் வைத்துக்கொள்ளும்படி சொன்னோம். படித்த தாள்களின் கிரெடிட்டுகளைச் சேமித்துவைத்து வேறு நிறுவனத்துக்குக் கொண்டுசெல்ல 2021-ல் ஒரு வங்கியே ஏற்படுத்தியிருக்கிறார்கள். இரு கல்லூரிகளும் அதில் பதிந்தவையா என்று விசாரிக்கச் சொன்னோம்.

தம்பி எல்லாவற்றையும் கைப்பேசியில் குறித்துக்கொண்டார். எழுந்து செருப்பை மாட்டியவர் திரும்பி, "நீங்களும் கல்லூரி மாறினீர்கள் என்று உம்மா சொன்னார்கள். உங்களுக்கு ஒரு வருஷம் வீணானதா, ஹஜ்ரத்?" என்று கேட்டார்.

"வருஷம் வீணாகவில்லை" என்றோம். அவருக்கு அது போதுமானதாக இருந்தது.

முன்ஜிதின் புதிய பதிப்பொன்றை வேலை கிடைத்த முதல் ஆண்டிலேயே வாங்கிவிட்டோம். இதை எழுதும் மேசையில் இருக்கிறது. ஆனாலும் சென்னைக்குப் போகும்போதெல்லாம் பழைய புத்தகக் கடைகளில் ஒருமுறை நுழைந்துவருவது வழக்கமாகிவிட்டது. அரபு அகராதி ஏதேனும் கண்ணில் பட்டால் எடுத்து, முதலில் ஓரங்களைப் பார்க்கிறோம். கடைக்காரர் என்ன வேண்டும் என்று கேட்பார். ஒன்றுமில்லை என்று சொல்லி, எடுத்த இடத்திலேயே வைத்துவிடுகிறோம்.