டிக்கிக்குள் தொங்கும் காந்தம்

பின்சீட்டுக்குப் பின்னால், கண்ணாடிக்குக் கீழே இருக்கும் பலகைக்கு பார்சல் ட்ரே என்று பெயர். அதில் ஓட்டை வெட்டி, ஆறுக்கு ஒன்பது அங்குல ஓவல் ஸ்பீக்கர் இரண்டை இறக்குவது நம் ஊர் செடான் கார்களில் வெகுகாலமாக நடக்கிறது. காருக்குள் உட்கார்ந்திருப்பவருக்கு மேலே உள்ள கறுப்பு ஜாலி மட்டும்தான் தெரியும். டிக்கியைத் திறந்து, குனிந்து, அண்ணாந்து பார்த்தால் வேறு காட்சி. தகரக் கூடை, காகிதக் கோன், கனத்த காந்தம் எல்லாம் திறந்தபடி தொங்கிக்கொண்டிருக்கும். பக்கத்திலேயே இரண்டு செம்புக் கம்பிகள். எதற்கும் மறைப்பு கிடையாது. அந்த இடத்தில்தான் நாம் சூட்கேஸையும் அரிசி மூட்டையையும் சீர்வரிசைப் பாத்திரங்களையும் தள்ளித் தள்ளி அடுக்குகிறோம்.

அந்த ஸ்பீக்கர்களின் முதுகுக்கு மறைப்புக் கட்டும் வேலையைப் பார்க்க சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டுக்குப் போனேன். அண்ணாசாலையில் ஆரம்பித்து ராயப்பேட்டைப் பக்கம் போகும் இந்த ஜி.பி. ரோட்டைத் தெரியாத கார்க்காரர் சென்னையில் குறைவு. சீட் கவர், மேட், ஹார்ன், ஸ்டீரியோ என்று கார் உதிரி அலங்காரம் மொத்தமும் இங்கே கிடைக்கும். கண்ணாடிக் கதவு போட்ட கடைகளில் பொருள் வாங்கலாம். அதைப் பொருத்துகிற கைகள் கடைக்குள் இல்லை. தெருவோரத்திலும் பக்கத்துச் சந்துகளிலும் வெயிலில் நிற்கின்றன.

நான் பார்த்தவரை எல்லோரும் பாய் என்றுதான் கூப்பிட்டார்கள். பெயரைப் போட வேண்டாம் என்றார். ஆம்பூர்க்காரர். ஊரில் ஷூ கம்பெனியில் தோல் வெட்டிக்கொண்டிருந்தவர், சீட் கவர் தைக்கச் சென்னை வந்து, பிறகு டிக்கி வேலையில் நிலைத்துவிட்டார். தோலின் ஓரத்தை மெலிதாகச் சீவி மடித்து ஒட்டும் ஷூ வேலைப் பழக்கம் அவருக்கு இன்னும் போகவில்லை. கார்பெட்டை மூலையில் மடிக்கும்போது, யாருமே பார்க்கப்போகாத உள்பக்கத்திலும் தடிப்பைச் சீவிவிட்டுத்தான் ஒட்டுகிறார்.

அன்று வந்திருந்தது ஒரு டாக்ஸி. சிஎன்ஜி டிசையர். மீனம்பாக்கம் விமான நிலையச் சவாரிதான் அதன் ஓட்டுநருக்குப் பிழைப்பு. பின்சீட்டை ஒட்டிக் குறுக்கே சிலிண்டர் கிடப்பதால் டிக்கியில் பாதி இடம் அதற்கே போய்விட்டது. கைப்பைகளை எல்லாம் சிலிண்டர் மேல்தான் ஏற்றுகிறார்கள். அதற்கு நேர் மேலே ஸ்பீக்கர். இடது ஸ்பீக்கரின் கோன் விரல் நீளத்துக்குக் கிழிந்து, பாட்டுப் போட்டால் கரகரத்தது.

“பேசஞ்சருக்கு என்ன பாய் தெரியும்? அவசரத்துல பெட்டியைக் குத்திச் சொருகிடுறாங்க” என்றார் ஓட்டுநர்.

“அவங்களைச் சொல்லாத தம்பி. மாட்டினவன் மூடியிருக்கணும்” என்றார் பாய்.

இந்தப் பிரச்சினைக்கு ஒரு வரிக் கணக்கும் காரணம். 2006ஆம் ஆண்டு மத்திய பட்ஜெட்டில் 4 மீட்டருக்கு உட்பட்ட சிறிய கார்களுக்குக் கலால் வரியைக் குறைத்தார்கள். 2008இல் வந்த முதல் ஸ்விஃப்ட் டிசையர் அந்த அளவைத் தாண்டிய வண்டி. டிக்கியில் 440 லிட்டர் இடம் இருந்தது. வரிச்சலுகைக்காக 2012இல் வாலை வெட்டி 4 மீட்டருக்குள் அடக்கியபோது டிக்கி 316 லிட்டராகச் சுருங்கியது. வேறு கம்பெனிகளின் சின்ன செடான்களும் இதே அளவுக்குள்தான் வந்தன. ஸ்பீக்கரோ அதே ஓவல், அதே காந்தம். நம் சூட்கேஸ்களும் சிறுக்கவில்லை. அதற்குப் பிறகு சிலிண்டரும் உள்ளே வந்து படுத்துக்கொண்டது.

மூடினால் தீர்ந்தது என்றுதான் நானும் நினைப்பேன், நீங்களும் நினைப்பீர்கள். பலகை ஒன்றை வெட்டி, காந்தத்தின் மேல் டப்பா மாதிரி கவிழ்த்து ஸ்க்ரூ போட்டுவிட்டால் போதாதா? பாய் அதற்குப் பதில் சொல்லாமல் வலது ஸ்பீக்கரில் ஒரு பழைய இளையராஜா பாட்டைப் போட்டார். பேஸ் கிட்டார் உருண்டு வந்தது. ஒரு சிறிய அட்டைப்பெட்டியை எடுத்து ஸ்பீக்கரின் முதுகில் கவிழ்த்து, விளிம்பைச் சுற்றி இரண்டு கையாலும் அழுத்தினார். அந்த நொடியே கிட்டாரின் அடிச்சத்தம் வற்றிப்போனது. பாடகரின் குரல் இருந்தது. பாட்டின் கால் போய்விட்டது. பெட்டியை எடுத்தார், திரும்பி வந்தது.

இதன் காரணம் எளியது. கோன் முன்னால் தள்ளும்போது பின்னால் காற்றை இழுக்கிறது. பின்னால் வரும்போது அந்தக் காற்றை அமுக்குகிறது. தாழ்ந்த சுரங்களுக்குக் கோன் நிறைய தூரம் போய்வர வேண்டும். முதுகுக்குப் பின்னால் இருக்கும் காற்று கொஞ்சமாக இருந்தால் அது விறைத்துக்கொண்டு கோனைத் தடுக்கும். பார்சல் ட்ரேயில் மாட்டிய ஸ்பீக்கருக்கு முழு டிக்கியும்தான் பெட்டி. அதே சமயம், முன்பக்கம் போகும் ஒலியும் பின்பக்கம் போகும் ஒலியும் ஒன்றுக்கொன்று எதிரானவை. அவை கலந்தால் பேஸ் அடிபடும். கலக்காமல் தடுப்பது அந்த ட்ரே பலகை. ஆகவே பலகையில் சந்து இருக்கக் கூடாது, கீழே போடும் கவசத்தில் சந்து இல்லாமல் இருக்கக் கூடாது. இந்த இரண்டையும் மாற்றிச் செய்த வண்டிகள் ஏராளம் என்றார் பாய்.

சூடும் ஒரு விஷயம். ஸ்பீக்கருக்குப் போகும் மின்சாரத்தில் ஒலியாக மாறுவது சொற்பம். பெரும்பகுதி காயில் என்னும் கம்பிச்சுருளில் சூடாகிறது. சில ஸ்பீக்கர்களில் காந்தத்தின் நடுவே துளை இருக்கும். பாட்டு ஓடும்போது அந்தத் துளைக்கு நேரே விரலை வைக்கச் சொன்னார். ஒவ்வொரு அடிக்கும் காற்று விரலில் பட்டு விலகியது. அதை அடைத்து மூடினால் காயில் வேகும்.

அதனால் பாய் கட்டுவது மூடி இல்லை, கூண்டு. 9 மில்லிமீட்டர் மரைன் பிளையில் ஒரு சட்டம். காந்தம் எவ்வளவு இறங்குகிறதோ அதைவிட இரண்டு விரல் ஆழம் கூடுதல். பெட்டி இடிக்கும் பின்பக்கத்துக்கும் அடிப்பக்கத்துக்கும் துளைகள் போட்ட இரும்புத் தகடு. அதன் மேல் ஒலியை விடுகிற மெல்லிய ஸ்பீக்கர் துணி. சட்டத்தின் மரத்துக்கு மட்டும் டிக்கி நிறத்தில் கார்பெட். எம்.டி.எஃப். பலகையை அவர் தொடுவதில்லை. வெட்டுவதற்கு வெண்ணெய், ஆனால் தண்ணீர் பட்டால் ஊதி உதிர்ந்துவிடும். 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு வந்த வண்டிகளில் எம்.டி.எஃப். பெட்டிகளைக் கையால் அள்ளி எடுக்க வேண்டியிருந்தது என்றார். வெள்ளம் வராவிட்டாலும், டிக்கி பீடிங் தளர்ந்த வண்டியில் ஒவ்வொரு ஐப்பசியிலும் உள்ளே ஈரம் இறங்கத்தான் செய்கிறது.

அளவெடுக்கும் முறையைத்தான் நான் அதிக நேரம் நின்று பார்த்தேன். முதலில் ஓட்டுநரிடம் ஒரு பெரிய சூட்கேஸை வாங்கி உள்ளே வைத்து, அதன் உயரத்தை டிக்கியின் பக்கச் சுவரில் சாக்பீஸால் கோடு போட்டார். பிறகு ட்ரேக்கு அடியில் குறுக்காக ஓடும் இரண்டு முறுக்குக் கம்பிகளைக் காட்டினார். டிக்கிக் கதவைத் தூக்கி நிறுத்தும் விசை அவற்றில்தான் இருக்கிறது. கதவை மூடும்போது கம்பிகள் முறுகும், கதவின் வளைந்த கைகள் டிக்கிக்குள் இறங்கும். கதவு திறந்திருக்கையில் இடமிருப்பதாகத் தெரியும் மூலை, மூடினதும் இருக்காது. மூடிய டிக்கிக்குள் கண்ணை எப்படி விடுவது?

பாய் தன் போனில் டார்ச்சைப் போட்டு, வீடியோவை ஓடவிட்டு, உள்ளே ஒரு மூலையில் சாய்த்து வைத்தார். கதவை மெதுவாக மூடினார், திறந்தார். வீடியோவில் இரும்புக் கை இறங்கி, ஸ்பீக்கர் கூடைக்கு நெருக்கமாக வந்து நின்று, திரும்ப ஏறியது. அதைப் பார்த்து அட்டையில் வரைந்த அச்சின் ஒரு மூலையைச் சாய்வாக வெட்டினார். அட்டையைப் பிடித்துப் பார்த்து, இன்னும் கொஞ்சம் வெட்டினார். அட்டை சரியாக உட்கார்ந்த பிறகுதான் பிளையில் ரம்பம் பட்டது.

கூண்டை ஏற்றும் முன் ஒயரைப் பார்த்தார். யாரோ முறுக்கி, டேப் சுற்றி விட்டிருந்தார்கள். வெயிலில் டேப்பின் பசை உருகி வழுக்கி, செம்பு வெளியே தெரிந்தது. இப்போதைய ஸ்டீரியோக்களில் பெரும்பாலும் ஸ்பீக்கருக்குப் போகும் இரண்டு ஒயரிலும் மின்னழுத்தம் இருக்கும். அதில் ஒன்று வண்டியின் பாடியைத் தொட்டாலே ஸ்டீரியோ அணைந்துவிடும், மோசமானால் உள்ளே இருக்கும் ஐசி போய்விடும். ஒரு எவர்சில்வர் தூக்கு அந்த இரண்டு முனைகளின் மேல் சாய்ந்தால் போதும். பழைய முறுக்கை வெட்டியெறிந்து, முனைக்கு லக் அடித்து, ஸ்லீவ் ஏற்றிச் சூடு காட்டி இறுக்கினார். சிஎன்ஜி வண்டியில் பொறி பறக்க விடலாமா என்று ஓட்டுநரைக் கேட்டார். சிலிண்டர் வால்வின் பக்கம் கூண்டு ஒரு அங்குலம்கூடப் போகாதபடி ஒதுக்கியதும் அதனால்தான். ட்ரேயின் தகட்டில் புது ஓட்டையும் போடவில்லை. சீட் பெல்ட் ஆணிகளும் பின் பிரேக் விளக்கின் ஒயரும் அங்கேதான் ஓடுகின்றன. ஸ்பீக்கரைப் பிடித்திருந்த ஸ்க்ரூக்களையே கொஞ்சம் நீளமாக மாற்றிக் கூண்டையும் அதிலேயே தொங்கவிட்டார். கூண்டு தகட்டைத் தொடும் இடமெல்லாம் ஃபெல்ட் பட்டை. இல்லாவிட்டால் ஸ்பீக்கர் கரகரப்பு போய்க் கூண்டு கடகடப்பு வந்துவிடும்.

கார்பெட் ஒட்டும் பசையை இந்தத் தெருவில் சொல்யூஷன் என்கிறார்கள். இரண்டு பரப்பிலும் தடவி, காயவிட்டு, தொட்டால் ஒட்டாத பதத்தில் சேர்த்து அழுத்த வேண்டும். அவசரப்பட்டால் கோடையில் உரிந்து தொங்கும். அதன் ஆவி எளிதில் தீப்பிடிக்கும், தலையைச் சுற்ற வைக்கும். பாய் எல்லா ஒட்டு வேலையையும் வண்டியிலிருந்து தள்ளி, திறந்த வெளியில் செய்து முடித்துத்தான் கூண்டைக் கொண்டுவந்தார். தெருவில் எல்லோரும் அப்படிச் செய்வதில்லை. கொஞ்சம் தள்ளி ஒரு இளைஞன் முகமூடி இல்லாமல், ஒரு டிக்கிக்குள் தலையை விட்டபடி சொல்யூஷன் தடவிக்கொண்டிருந்தான். கார்க்காரர் வெளியே நின்று, இன்னும் எவ்வளவு நேரம் என்று கடிகாரத்தைக் காட்டிக்கொண்டிருந்தார். அந்தக் காட்சி எனக்குக் கோபத்தைத் தந்தது. அரைமணி நேரத்தில் முடி என்று அவசரப்படுத்தும் ஒவ்வொருவரும் அந்தப் பையனின் நுரையீரலில்தான் நேரத்தை மிச்சம் பிடிக்கிறார்கள்.

இந்தத் தெரு பல அடிகளைப் பார்த்திருக்கிறது. 2012இல் உச்ச நீதிமன்றம் கார் கண்ணாடியில் கறுப்பு ஃபிலிம் ஒட்டத் தடை போட்டபோது ஃபிலிம் ஒட்டியவர்களின் வேலை படுத்தது. 2017 டிசம்பரில் க்ராஷ் கார்டுகளுக்கு எதிராக மத்திய அரசு மாநிலங்களுக்கு எழுதியபோது கம்பி வளைத்தவர்களுக்கு அடி. இரண்டும் பாதுகாப்புக்காக வந்தவை, அவற்றை நான் குறை சொல்ல மாட்டேன். ஸ்டீரியோவும் கம்பெனியிலேயே பொருத்தி வர ஆரம்பித்துவிட்டது. மிஞ்சியிருப்பது இம்மாதிரி உள்வேலைகள். அதில் ஒரு அநியாயம் இருக்கிறது. ஸ்பீக்கருக்கு ஆயிரக்கணக்கில் பில் போடும்போது மாட்டுக்கூலியை இலவசம் என்று எழுதிவிடுகிறார்கள். மாட்டுகிறவருக்குக் கடைக்காரர் தருவது ஒரு சின்னத் தொகை. அந்தத் தொகைக்கு ஓட்டை வெட்டி இறக்க முடியும், முறுக்கிய ஒயருக்கு டேப் சுற்ற முடியும். அட்டையில் அச்செடுத்துக் கூண்டு கட்ட முடியாது. கிழிந்த கோன்களுக்கு முதல் காரணம் இந்த இலவசம்தான் என்பது நான் நேரில் பார்த்துச் சொல்வது.

மாலை ஆனபோது புது ஸ்பீக்கர் மாட்டி, இரண்டு பக்கமும் கூண்டு ஏறியிருந்தது. பாய் சூட்கேஸை எடுத்து வேண்டுமென்றே வேகமாக உள்ளே தள்ளி இடித்தார். தகடு தாங்கியது. பாட்டைப் போட்டு, கதவை மூடி, பின்சீட்டில் உட்கார்ந்து கேட்டார். எங்கோ மெலிதாக ஒரு அதிர்வு. ட்ரேயை விரலால் அழுத்திக்கொண்டே போய், நம்பர் பிளேட்டின் மேல் கை வைத்ததும் அது நின்றது. அதற்குப் பின்னாலும் ஒரு துண்டு ஃபெல்ட் ஒட்டினார். அதற்குத் தனிக் காசு கேட்கவில்லை.

உங்கள் காரில் ஓவல் ஸ்பீக்கர் இருந்தால் டிக்கியைத் திறந்து ஒருமுறை அண்ணாந்து பாருங்கள். செம்பு தெரிந்தால் அதை முதலில் சரிசெய்யுங்கள். கவசம் கட்டக் கொடுப்பதென்றால் வீட்டில் இருப்பதிலேயே பெரிய பெட்டியைக் கையோடு கொண்டுபோங்கள். வண்டியைக் காலையில் விட்டுவிட்டு மாலையில் எடுங்கள். பசை வேலையை வெளியே வைத்துச் செய்யச் சொல்லுங்கள். கூலியைக் கடைக்காரரின் பில்லில் சேர்க்காமல், வேலை செய்கிறவரிடமே பேசி அவர் கையில் கொடுங்கள்.