அம்மாவுக்கு ஒரு கம்பளிச் சட்டை

நுவரெலியாவின் குளிரைப் பற்றிக் கேட்டவுடன் பனி மூடிய வட நாடுகளைக் கற்பனை செய்துகொள்வோர் பலர். கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்திலுள்ள இந்நகரின் குளிர் அத்தகையதன்று. மார்கழி, தை மாதங்களில் விடியற்காலை வெப்பநிலை 10 பாகை செல்சியசுக்குக் கீழே இறங்குவதும், சில நாட்களில் உறைபனி படிந்து தேயிலைக் கொழுந்து கருகுவதும் உண்மையே. எனினும், பத்து மணிக்குப் பின் வெயிலிற் சிறிது நடந்தால் நெற்றியில் வியர்வை அரும்பும். மாலையில் மூடுபனி இறங்கியதும் உடல் மீண்டும் நடுங்கும். இத்தகைய மிதமான குளிருக்கு உடை தெரிவு செய்வது, கடுங்குளிருக்குத் தெரிவு செய்வதிலும் கடினமானது. இதனை நான் என் தாயாரிடமிருந்தே கற்றுக்கொண்டேன்.

தந்தையார் காலமான பின், 2016 ஆம் ஆண்டு மார்கழியில், அம்மா யாழ்ப்பாணத்திலிருந்து எம்முடன் வந்து தங்கினார். எழுபது வயதுவரை கம்பளியுடை எதனையும் அணிந்தறியாதவர். அவர் வருமுன்னரே கடைக்குச் சென்று, இருந்தவற்றுள் மிகத் தடித்ததும் விலை கூடியதுமான சுவெற்றர் ஒன்றை வாங்கி வைத்தேன். கழுத்துவரை மூடி, தலைவழியாக இழுத்து அணிவது அது. அம்மா அதனைத் தடவிப் பார்த்து, "நல்ல சாமான் பிள்ளை, கவனமாய் வைச்சுப் போட வேணும்" என்று கூறி அலுமாரியில் மடித்து வைத்தார். அங்கேயே அது இருந்தது.

ஏன் அணியவில்லை என்று கேட்கும்போதெல்லாம், "எனக்குக் குளிர் ஒண்டும் செய்யாது. எங்கடை ஊரிலையும் மார்கழிப் பனி பெய்யிறதுதானே" என்பார். ஆனால், நாள் செல்லச் செல்ல அவர் காலையிற் படுக்கையை விட்டு எழப் பிந்தினார். குசினிக்கு வருவதைக் குறைத்தார். வாசலில் நின்ற பூஞ்செடிகளையும் மறந்தார். தை மாத முடிவில், "தவணை விடுமுறை எப்ப பிள்ளை? என்னைக் கொண்டுபோய் ஊரிலை விட்டுவிடு" என்றார். என் இல்லமும் என் கவனிப்பும் அவருக்குப் பிடிக்கவில்லைப் போலும் என எண்ணி நான் உள்ளூர வருந்தினேன். சற்றுக் கோபமும் கொண்டேன்.

ஒருநாட் காலை, பாடசாலைக்குப் புறப்பட்ட நான், மறந்துவிட்ட விடைத்தாள்களை எடுப்பதற்காக வீட்டுக்குத் திரும்பினேன். அறையினுள்ளே அம்மா அந்தச் சுவெற்றருடன் போராடிக்கொண்டிருந்தார். ஒரு கை உள்ளே. தலை பாதி வழியில். கொண்டை அவிழ்ந்து தொங்கிற்று. மற்றக் கையோ தோளுக்கு மேல் எழவேயில்லை. ஓடிச்சென்று கழற்றிவிட்டேன்.

"கை எழும்புதில்லைப் பிள்ளை" என்றார், முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு. "நீ காலமை பள்ளிக்கூடத்துக்கு அந்தரப்பட்டு ஓடுறாய். உடுப்புப் போட்டுவிடு எண்டு உன்னை எப்பிடிக் கேக்கிறது?"

நீரிழிவு உள்ளவர்களுக்குத் தோள்மூட்டு இறுகிப் போவது பெரும்பாலும் காணப்படும் நோயே. அம்மாவின் நீரிழிவுக்கு நாள் தவறாமல் மாத்திரை எடுத்துக் கொடுத்த நான், அவருடைய தோளைப் பற்றி ஒருநாளேனும் கேட்டிலேன். மருத்துவரிடம் காட்டி, தோளுக்குப் பயிற்சிகளும் தொடங்கினோம்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அம்மாவையும் அழைத்துக்கொண்டு கம்பளியுடைக் கடைகளுக்குச் சென்றேன். இம்முறை தெரிவு அவருடையது. முன்புறம் திறந்து தெறி பூட்டும் கார்டிகன்களை மட்டுமே பார்த்தோம். 1854 ஆம் ஆண்டு, கிரிமியப் போரிலே, பலக்கிளாவா என்னுமிடத்திற் குதிரைப் படையை நடத்திய கார்டிகன் பிரபுவின் பெயராலேயே அவ்வுடை வழங்குகிறது. நம்மவர் குரங்குத் தொப்பி என்னும் கம்பளித் தொப்பிக்கு ஆங்கிலத்தில் அவ்வூரின் பெயரே வாய்த்தது. அப்போரில் ஆங்கிலேயரின் தலைமைத் தளபதியாயிருந்த ராக்லன் பிரபு, 1815 ஆம் ஆண்டு வாட்டர்லூவில் வலக்கையை இழந்தவர். கழுத்திலிருந்து அக்குள்வரை சரிவாகத் தையல் ஓடும் கைக்கு அவர் பெயர் நிலைத்தது. அவருக்காகவே அது அமைக்கப்பட்டது என்பர். தோளை இறுக்காத அத்தகைய கையுள்ள கார்டிகன் ஒன்று அம்மாவுக்குக் கிடைத்தது.

தடிப்பைக் கண்டு நான் இனி மயங்குவதில்லை. கம்பளி இழைகள் சுருண்டு சுருண்டு இருப்பதால் அவற்றினிடையே காற்றுத் தங்குகிறது. உடற்சூட்டை வெளியேறாமற் காப்பது அக்காற்றே. தடித்த ஒன்றைவிட மெல்லிய இரண்டு நன்று. அவற்றுக்கு இடையிலும் காற்றுத் தங்கும், வெயில் ஏறியதும் ஒன்றைக் களையவும் இயலும். அம்மாவுக்கு நீண்ட கையுள்ள பருத்திச் சட்டை உள்ளே, மெல்லிய கார்டிகன் மேலே, விடியற்காலைக்கு ஒரு சால்வை என ஏற்பாடு செய்தோம்.

கம்பளி தன் நிறையில் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கு ஈரத்தை, நனைந்த உணர்வைத் தராமலே உட்கொள்ளும். அக்ரிலிக் விலை குறைந்தது, துவைப்பதற்கும் எளிது, ஆனால் வியர்வையை உள்ளிழுக்காது, நெருப்புப் பட்டால் உருகி உடலில் ஒட்டும். அடுப்பருகே நிற்பவருக்குக் கம்பளியே பாதுகாப்பானது. அது குத்துமோ என்பதை உள்ளங்கையால் அறிய முடியாது. கழுத்தில் வைத்துப் பார்த்தல் வேண்டும். மெரினோ ஆட்டின் மெல்லிய உரோமத்தால் ஆனது பெரும்பாலும் குத்துவதில்லை. கைவிளிம்பை இழுத்துவிட்டுப் பாருங்கள்; பழைய நிலைக்குத் திரும்பாதது சில மாதங்களிலேயே தொய்ந்துவிடும். சுடுநீரிற் கசக்கினால் கம்பளி சுருங்கும். ஆதலால் இளஞ்சூட்டு நீரில் அலசி, முறுக்காமல், நிழலிற் பரப்பி உலர்த்துக.

கடையிலேயே அம்மாவை இருமுறை அணிந்து கழற்றச் செய்தேன். வலியுள்ள கையை முதலில் நுழைத்து, கழற்றும்போது அதனை இறுதியில் எடுக்க வேண்டும் என்பது மருத்துவமனையிற் கற்றுத் தந்த முறை. பிறர் உதவியின்றித் தெறிகளைப் பூட்டிக் கண்ணாடியிற் பார்த்த அவர், "இது காணும்" என்றார். இவ்வளவு மெல்லியது குளிருக்குப் போதுமா என்ற ஐயம் எனக்கு இருந்தது. ஆயினும் வாயைத் திறந்தேனில்லை. முன்பு வாங்கிய சுவெற்றரை, இரவுக் காவலுக்குச் செல்லும் அயல்வீட்டுத் தம்பிக்குக் கொடுத்தோம். இரவு முழுவதும் ஓரிடத்தில் இருப்பவருக்கு அது மிகவும் பொருத்தம்.

மறுநாட் காலை நான் எழுந்தபோது குசினியில் விளக்கு எரிந்தது. அம்மா எனக்கு முன்னரே எழுந்து தேநீர் தயாரித்துக்கொண்டிருந்தார். வெயில் ஏறியதும் கார்டிகனைக் கழற்றிக் கதிரையிற் போட்டுவிட்டுப் பூஞ்செடிகளிடம் போனார். மூடுபனி கண்டதும் தாமே எடுத்து அணிந்தார். வீட்டு முதியோருக்குக் குளிருடை வாங்கும் சகோதரிகள் அவர்களையும் கடைக்கு அழைத்துச் செல்வார்களாக. நம் அச்சத்தின் அளவுக்கு வாங்கிய உடை அலுமாரியிலேயே கிடக்கும்.

2017 ஆம் ஆண்டு சித்திரை விடுமுறைக்கு அம்மாவை ஊருக்கு அழைத்துச் சென்றேன். பயணப் பெட்டியிற் கார்டிகனை வைக்கப் போனபோது, "அது இங்கையே இருக்கட்டும் பிள்ளை, திரும்பி வந்தால் தேவைதானே" என்று வாங்கி, அலுமாரியில் மடித்து வைத்தார். வைகாசியில் அவர் திரும்பி வந்தபோது, கடதாசியிற் சுற்றிய பொதி ஒன்று கையில் இருந்தது. கம்பளியைப் பூச்சி அரிக்காமல் இருப்பதற்காக, எங்கள் வளவு வேம்பின் இலைகளை உலர்த்திக் கொண்டுவந்திருந்தார்.