4000 ஹெர்ட்ஸ்

காரில் ஆம்ப் மாட்டியவர்களுக்கு இந்தச் சத்தம் தெரிந்திருக்கும். எஞ்சின் ஓடாதவரை பாட்டு சுத்தமாக இருக்கும். ஸ்டார்ட் பண்ணியதும் பாட்டுக்குப் பின்னால் ஒரு கொசு வந்து உட்கார்ந்துகொள்ளும். ஆக்சிலரேட்டரை மிதிக்க மிதிக்க 'ஙொய்ய்' என்று சுருதி ஏறும், காலை எடுத்தால் இறங்கும். வால்யூமைக் குறைத்தாலும் அது மட்டும் குறையாது.

அப்பாவின் பழைய காரில் புது செட்டும் டிக்கியில் ஆம்பும் வைத்த பிறகு இந்தக் கொசு வந்தது. நான் மென்பொருள் ஆள். பக் என்று யாராவது சொன்னால் முதலில் கேட்பது 'எப்போ வருது?' என்றுதான். அங்கேதான் சிக்கல். "நிக்கறப்ப கேக்குது கண்ணு. வேகம் புடிச்சா நின்னுருது" என்றார் அப்பா. எனக்கு நேர் எதிர். வேகம் பிடித்தால்தான் காது கூசியது.

அவர் சொல்வதை லேசில் ஒதுக்க முடியாது. ஈரோடு–கோபி ரூட்டில் 31 வருஷம் பஸ் ஓட்டியவர். சத்தத்தை வைத்தே எந்த பேரிங் போகப்போகிறது என்று சொல்லிவிடுவார். ஒரே பக், இரண்டு ரிப்போர்ட், இரண்டு பேருமே நம்பகமானவர்கள்.

சரி, பாதி பாதியாக வெட்டிப் பார்ப்போம். ஆம்பில் ஆர்சிஏ ஒயரைக் கழற்றிவிட்டு, உள்ளீட்டின் நடுப் பின்னையும் வெளி வளையத்தையும் ஷார்ட் செய்த பிளக்குகளைச் செருகினேன். நிசப்தம். ஆக, ஆம்பின் மேல் குற்றமில்லை. ஒயரைத் திரும்ப மாட்டி, மறுமுனையை செட்டிலிருந்து எடுத்து, சார்ஜரில் இல்லாத போனில் செருகினேன். பாட்டு வந்தது, கொசு வரவில்லை. போன் வண்டியில் எங்கும் எர்த் ஆகவில்லை, செட் ஆகியிருக்கிறது. செட்டுக்கு முன்னால் ஒரு எர்த், ஆம்புக்குப் பின்னால் ஒரு எர்த், இரண்டையும் இணைக்கிறது ஆர்சிஏ ஒயரின் ஷீல்டு. இரண்டு எர்த்துக்கும் நடுவே சின்ன வோல்டேஜ் வித்தியாசம் இருந்தாலும் ஆம்ப் அதையும் பாட்டு என்றே நினைத்துப் பெருக்கித் தரும்.

வித்தியாசம் எவ்வளவு இருந்தால் போதும்? மூட்டில் 0.01 ஓம், அதில் 10 ஆம்பியர் ஓடினால் 100 மில்லிவோல்ட். அதில் ஐந்து மில்லிவோல்ட் மட்டும் ஆல்டர்னேட்டரோடு சேர்ந்து ஆடட்டும். பாட்டின் அமைதியான இடத்தில் சிக்னலே சில பத்து மில்லிவோல்ட்தானே.

ஆம்பின் எர்த்துக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் நடுவே மல்டிமீட்டரை வைத்தேன். பாட்டு ஓடும்போது 210 மில்லிவோல்ட். மாட்டியவர் எர்த் ஒயரை பெயின்ட்டின் மேலேயே போல்ட் போட்டு முறுக்கியிருந்தார். இன்னொரு கடையில் ஒயர் நடுவே மாட்ட ஒரு ஐசொலேட்டர் தருகிறேன் என்றார்கள். உள்ளே குட்டி டிரான்ஸ்ஃபார்மர். சத்தம் போகும்தான், மலிவானதாக இருந்தால் அடி பேஸும் கூடவே போகும். எக்ஸப்ஷனை கேட்ச் பண்ணி கமுக்கமாக விழுங்குகிற கோடு மாதிரி, எனக்குப் பிடிக்காது. எமரித் தாளால் வெறும் இரும்பு தெரியும்வரை தேய்த்து, ஒயரைக் குட்டையாக்கி முறுக்கினேன். 12 மில்லிவோல்ட். எந்த வேகத்திலும் கொசு இல்லை.

ஆனால் அந்த இரண்டு ரிப்போர்ட்?

அன்றிரவு கணக்குப் போட்டேன். வழக்கமான கார் ஆல்டர்னேட்டரில் 12 காந்த முனைகள், மூன்று ஃபேஸ், ஆறு டயோடு பாதை. டிசி ஆக மாறியபின் ஒரு சுற்றுக்கு 36 நெளிவுகள் மிஞ்சும். எஞ்சினைவிட அது சுமார் இரண்டரை மடங்கு வேகமாகச் சுற்றும். ஐடிலில் 800 ஆர்பிஎம் என்றால் 1200 ஹெர்ட்ஸ். 2700ஐத் தொட்டால் 4000ஐத் தாண்டிவிடும். மனிதக் காது மிகக் கூர்மையாக இருப்பது அந்த இடத்தில்தான். வருஷக்கணக்கில் இரைச்சலில் இருந்தவர்களுக்குக் காது முதலில் போகிற இடமும் அதுதான்.

பழைய பஸ்களில் எஞ்சின் உள்ளேயே, டிரைவருக்கு இடது பக்கம், பானட்டுக்கு அடியில் இருக்கும். மதியத்தில் அதன் மேல் கை வைக்க முடியாது. 31 வருஷம் அது அவருடைய இடது காதுக்குப் பக்கத்தில் ஓடியது.

காலையில் போனில் ஒரு டோன் ஆப்பைப் போட்டேன். 1200. "கேக்குது." 2000. "கேக்குது." 4000. அப்பா போனையே பார்த்துக்கொண்டிருந்தார். "போட்டுட்டயா?" என்றார்.

ஆடியோகிராம் எடுத்தோம். கோடு 2000 வரை சமாளித்து வந்து, 4000இல் கிணறு மாதிரி இறங்கி, 8000இல் கொஞ்சம் ஏறியது. இடது காதில் கிணறு இன்னும் ஆழம். உள்காதின் மயிர்ச் செல்கள் திரும்ப வளராது என்றார் டாக்டர். ஹியரிங் எய்டு பற்றியும் சொன்னார். "பாக்கலாங்க" என்று அப்பா எழுந்துவிட்டார். அது இன்னும் பேச்சளவில்தான் இருக்கிறது. 'ச'வும் 'த'வும் அவருக்குக் குழம்புவதை, என் மகள் போனில் பேசும்போது அவர் அம்மாவிடம் போனைக் கொடுத்துவிடுவதை, நான் இப்போதுதான் சேர்த்துப் பார்க்கிறேன்.

திரும்பும்போது பவானி ரோட்டில் அறுபதில் போய்க்கொண்டிருந்தோம். ராஜா பாட்டு.

"இப்ப நின்னுருச்சா?" என்றார்.

"நின்னுருச்சுங்கப்பா."

தலையாட்டிவிட்டு, ட்ரெபிளை வழக்கம்போலக் கடைசிவரை ஏற்றினார். நான் திருப்பி வைக்கவில்லை.