மைத்துனரின் மூன்றாவது சிறுநீரகம்

என் மைத்துனருக்கு உடம்பில் மூன்று சிறுநீரகங்கள். கெட்டுப்போன இரண்டையும் பெரும்பாலும் எடுப்பதில்லை. தானமாக வந்ததை அடிவயிற்றில் ஒரு பக்கமாக வைத்து, காலுக்குப் போகும் பெரிய ரத்தக் குழாயோடு தைத்துவிடுகிறார்கள். கொடுத்தது அவர் மனைவி. 1971-ல் வேலூர் சி.எம்.சி.யில் இந்த ஆபரேஷன் நடந்தபோது நாடே பேசியது. இன்று எங்கள் சானமாவிலேயே மாற்றுச் சிறுநீரகத்தோடு ஒருவர் தக்காளிக்குத் தண்ணீர் பாய்ச்சுகிறார்.

ஆபரேஷனாகி ஏழாவது மாதம் பிரஷர் ஏறியது. இரண்டு மாத்திரை நான்காகியும் இறங்கவில்லை. கால் வீங்கியது. 1.3 இருந்த கிரியேட்டினின் 1.9 ஆனது. வீட்டில் விசாரணை ஆரம்பம். "எங்கடா போய் போண்டா தின்னே?" என்று என் மனைவி தம்பியைப் பிடித்துக்கொண்டாள். "மாமா, உப்பையே தொடலை, நீங்களாவது சொல்லுங்க" என்றார் என்னிடம். ஊறுகாய் ஜாடி பரணுக்குப் போனது. அவர் மனைவி மட்டும் ஒன்றும் பேசவில்லை. ஒருநாள் அடுப்படியில், "நான் கொடுத்தது சேரலையோ அண்ணா?" என்று கேட்டாள். எனக்குப் பதில் வரவில்லை.

டாக்டர் ஸ்டெதாஸ்கோப்பை அந்த இடத்தில் வைத்துக் கேட்டார். 'உஸ் உஸ்' என்று ஒரு சத்தம். உடனே டாப்ளர் ஸ்கேன் எழுதினார்.

நம் காது விநாடிக்கு ஏறக்குறைய 20 அதிர்விலிருந்து 20,000 வரைதான் கேட்கும். நம் சானமாவுக் காட்டு யானைகள் அதற்கும் கீழே பேசிக்கொள்ளும். இந்த மிஷின் அதற்கு வெகு மேலே பேசுகிறது. பெங்களூர் ரோட்டில் ஹாரன் அடித்தபடி வரும் லாரி நம்மைத் தாண்டியதும் சத்தம் தணிகிறதே, அதன் கணக்கைத்தான் 1842-ல் ஆஸ்திரியாவின் கிறிஸ்டியன் டாப்ளர் சொன்னார். ஓடும் ரத்த அணுக்களில் பட்டுத் திரும்பும் ஒலி எவ்வளவு மாறுகிறது என்று பார்த்தால் ரத்தத்தின் வேகம் தெரிந்துவிடும்.

தோட்டத்து ஹோஸ் பைப்பின் வாயைக் கட்டைவிரலால் அழுத்தினால் தண்ணீர் பீய்ச்சும். குழாய் சுருங்கினாலும் அப்படித்தான். வேகம் விநாடிக்கு 200, 250 சென்டிமீட்டரைத் தாண்டினாலே டாக்டர்கள் சந்தேகப்படுவார்களாம். மைத்துனருக்கு 340. தைத்த இடத்துக்குப் பக்கத்தில் குழாய் சுருங்கியிருந்தது. அதைத் தாண்டி, சிறுநீரகத்துக்கு உள்ளே அலை சோம்பலாக எழுந்தது.

ரத்தம் குறைவாக வந்தால், உடம்பிலேயே ரத்தம் குறைந்துவிட்டது என்று சிறுநீரகம் நினைத்துக்கொள்கிறது. ரெனினைச் சுரந்து பிரஷரை ஏற்றுகிறது. 1934-ல் ஹாரி கோல்ட்பிளாட் நாய்களின் சிறுநீரகக் குழாயை இறுக்கிக் காட்டியது இதைத்தான். போண்டாவுக்கு இதில் பங்கே இல்லை.

உடம்பு புதிய சிறுநீரகத்தை ஏற்காமல் போனாலும் கிரியேட்டினின் ஏறும். ஆனால் அதற்கு வைத்தியம் எதிர்ப்பாற்றலை இன்னும் அடக்கும் மருந்து. இதற்குக் குழாயை விரிப்பது. மாற்றிச் செய்தால் என்ன ஆகும்! பெரும்பாலும் முதல் மூன்று மாதத்திலிருந்து இரண்டு வருஷத்துக்குள் வருகிற தொல்லை இது. மாற்றுச் சிறுநீரகம் தோலுக்கு அருகிலேயே இருப்பதால் ஸ்கேனில் பார்ப்பது சுலபம். வலி இல்லை, கதிர்வீச்சு இல்லை. சிறுநீரகத்தையே பாதிக்கக்கூடிய சாய ஊசியும் வேண்டாம். ஆனால் கை பழகியவர் எடுக்க வேண்டும். குழாய் வளைந்திருந்தாலோ கருவி பிடிக்கும் கோணம் தப்பினாலோ வேகம் பொய் சொல்லும். அதனால் ஆஞ்சியோகிராம் எடுத்து உறுதி செய்த பிறகே தொடை வழியாக பலூன் விட்டு, ஸ்டென்ட் வைத்தார்கள்.

இப்போது இரண்டு மாத்திரை போதுகிறது, கிரியேட்டினின் 1.4. அடுத்த ஸ்கேனுக்கு மனைவியும் உள்ளே போனாள். மிஷின் சத்தத்தைக் கொஞ்சம் கூட்டி வைக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறாள். வெளியே வந்ததும் என்னிடம், "நம்ம போர் மோட்டார் மாதிரியே ஓடுது அண்ணா" என்றாள்.