சல்லடையில் விழுந்த மணிமேகலை

ராசிங்காபுரத்துக்கு யாரும் டூர் போவதில்லை. மூணாறு போகிறவர்கள் போடிநாயக்கனூர் வரை வருவார்கள். ஒரு டீ அடிப்பார்கள். அப்புறம் போடிமெட்டுப் பக்கம் வண்டியைத் திருப்பி, 17 கொண்டை ஊசி வளைவுகளையும் எண்ணிக்கொண்டே ஏறிவிடுவார்கள். நம்ம ரூட் வேறு. போடியிலிருந்து தேவாரம் போகிற சாலை. அதில்தான் இருக்கிறது ராசிங்காபுரம்.

அங்கே என்ன விசேஷம் என்கிறீர்களா? என் பெரியப்பா இருக்கிறார். பெரியப்பா இருக்கிற ஊருக்குப் போவது டூரில் சேராது, கடமையில் சேரும். இருந்தாலும் ஆடி மாசத்தில் போய்ப் பாருங்கள். மேற்கே மலை, ஆள் உயரச் சுவருக்குப் பின்னால் இன்னொரு சுவர், அதற்குப் பின்னால் இன்னொன்று என்று அடுக்கிவைத்த மாதிரி நிற்கும். அந்தப் பக்கம் கேரளாவில் மழை கொட்டினால், இந்தப் பக்கம் காற்றும் சாரலும் மட்டும் எட்டிப் பார்க்கும். தென்னைகள் எல்லாம் தலைவிரித்து ஆடும். வேட்டி கட்டியவர்கள் இரண்டு கையையும் ஃப்ரீயாக வைத்துக்கொள்வது உத்தமம்!

இப்போது ரயிலிலேயே போகலாம். மதுரை - போடி ரயில் 1928-ல் வந்தது. அகலப்பாதை போடுகிறோம் என்று 2010 கடைசியில் நிறுத்தினார்கள். மறுபடி போடிக்கு ரயில் வந்தது 2023 ஜூன் மாதம். ஏறத்தாழ பன்னிரண்டரை வருஷம். 'ராமரே பதினாலு வருஷத்தில் திரும்பிட்டார், இவங்க அதுக்கு ஒன்றரை வருஷம் முன்னாடி வந்துட்டாங்க' என்று போடிக்காரர்கள் பெருமைப்பட்டுக்கொள்ளலாம்.

ஆனால், அதைவிடப் பெரிய காத்திருப்பு ஒன்று பெரியப்பா வீட்டில் நடந்துகொண்டிருந்தது. 'பொன்னியின் செல்வன்'!

பெரியப்பா போடியில் ஓர் ஏலக்காய்க் கடையில் கணக்குப்பிள்ளையாக இருந்தவர். கல்கி அந்தக் கதையை 1950 அக்டோபரில் ஆரம்பித்து, 1954-ல் முடித்தார். அதே டிசம்பரில் அவரும் போய்விட்டார். அப்புறம் 'கல்கி' இதழ் அதை மறுபடி மறுபடி தொடராகப் போட்டது. அப்படி வந்த ஒரு சுற்றை வாரா வாரம் கத்தரித்து, ஐந்து பாகமாக பைண்டு பண்ணி வைத்திருந்தார் பெரியப்பா. முதுகில் கொட்டை எழுத்தில் பாகம் எண். ஓரத்தில் கடைக் கணக்குப் பேரேடு மாதிரியே சிவப்புத் துணி.

பெரியம்மாவுக்கு எழுத்துக் கூட்டத் தெரியாது. போடி குடோனில் ஏலக்காய் பொறுக்குகிற வேலைக்கு முப்பது வருஷம் போனவர். ராத்திரி சாப்பாடு முடிந்ததும் பெரியப்பா சத்தமாகப் படிப்பார். பெரியம்மா கேட்பார். பக்கத்து வீட்டு ஆட்களும் திண்ணைக்கு வந்துவிடுவார்கள். ஐந்து பாகத்தையும் இப்படி மூன்று முறை காதாலேயே முடித்தவர் பெரியம்மா.

இந்தக் கதையைப் படமெடுக்க ஆசைப்பட்டவர்கள் லிஸ்ட் பெரிசு. எம்.ஜி.ஆர். 1958-லேயே உரிமை வாங்கினார். நடக்கவில்லை. கமல்ஹாசன் முயற்சி பண்ணினார். நடக்கவில்லை. கடைசியில் மணிரத்னம் முடித்தார். முதல் பாகம் 2022 செப்டம்பர் 30, இரண்டாம் பாகம் 2023 ஏப்ரல் 28. எம்.ஜி.ஆர். உரிமை வாங்கி, முதல் பாகம் தியேட்டருக்கு வர 64 வருஷம்!

ஊரே தேனிக்கும் போடிக்கும் வண்டி கட்டிக்கொண்டு போனது. பெரியப்பா மட்டும் ம்ஹூம்!

"என் மனசுல ஒரு நந்தினி இருக்கா. இவங்க ஒண்ணைக் காட்டி அதை அழிச்சுருவாங்க. நான் வரலை."

"உங்க நந்தினியா? எப்ப இருந்து?" என்று அடுப்படியிலிருந்து குரல் வந்தது. பெரியப்பா பேச்சை மாற்றிவிட்டார்.

அவர் வராததால் பெரியம்மாவும் போகவில்லை. 'இவுக வராம நான் எங்கிட்டுப் போறது?' என்பதோடு சரி. பெரியப்பாவின் கொள்கை முடிவு பெரியம்மா தலையில் விடிந்தது. நம் வீடுகளில் கொள்கை முடிவுகள் எப்போதும் அப்படித்தானே?

இந்த ஆடிக்குப் போனபோது லேப்டாப்பை எடுத்துப் போனேன். டி.வி.யோடு ஒரு ஒயரைச் செருகினேன். "பெரியப்பா, கதை ஆரம்பிக்கிறதே ஆடிப் பதினெட்டுல, வீராணம் ஏரிக்கரையிலதானே? இன்னிக்கு ஆடிப் பதினெட்டு. இதைவிட நல்ல நாள் கிடைக்குமா?" என்றேன். பஞ்சாங்கத்தை இழுத்தால் பெரியவர்கள் மடங்கிவிடுவார்கள். "சரி, தப்பைக் கண்டுபிடிக்கறதுக்காகப் பாக்குறேன்" என்று சேரை இழுத்துப் போட்டார். கையில் பேப்பர், பேனா வேறு. ஆடிட்டிங்!

கமல் குரலில் வால்நட்சத்திரம் வந்தது. அடுத்து போர்.

"ஏரிக்கரை எங்கடா?" - முதல் ஆட்சேபணை பதிவானது.

அப்புறம் வரிசையாக விழுந்தது. அது இல்லை, இது முன்னாடி வரக் கூடாது, அவர் இப்படிப் பேச மாட்டார்... பேனா ஓடிக்கொண்டே இருந்தது. ஆனால், ஆழ்வார்க்கடியானாக ஜெயராம் வந்தார் பாருங்கள், பேனா நின்றது. "ஏய்யா, மணியம் போட்ட படம் எந்திரிச்சு நடந்து வருதுடா!" என்றார். கார்த்தியின் சேட்டைக்கும் பாஸ் மார்க். நந்தினியும் குந்தவையும் எதிரெதிரே நின்றபோது மனிதர் மூச்சுகூட விடவில்லை. சரியாக அந்த நேரம் பார்த்து ஆடிக் காற்று எங்கேயோ ஒரு கம்பியை உரசிவிட, கரன்ட் கட். இருட்டில் பெரியப்பா குரல் கேட்டது.

"அந்தப் புள்ளை பரவாயில்லைடா."

ஐஸ்வர்யா ராயைப் 'பரவாயில்லை' என்று சொல்ல ராசிங்காபுரத்தில் ஓர் ஆள் இருக்கிறார் என்பதை இதன் மூலம் தெரிவித்துக்கொள்கிறேன்.

என் கட்சி என்னவென்று கேட்பீர்கள். ரவிவர்மனின் கேமராவுக்கும் ரஹ்மானின் பின்னணி இசைக்கும் தேசிய விருது கிடைத்தது, சிறந்த தமிழ்ப் படம் என்ற விருதும் முதல் பாகத்துக்குக் கிடைத்தது. நியாயம்தான். ஆனால், நாவலின் ருசி வேறு இடத்தில் இருக்கிறது. வந்தியத்தேவன் குதிரையில் கிளம்பினால் நேரே போகமாட்டான். நின்று, வம்பளந்து, ஒட்டுக்கேட்டு, மாட்டிக்கொண்டு, தப்பித்து... வாரா வாரம் படிக்கிறவனுக்கு அந்தச் சுற்றுவழிதான் சொகம். படத்துக்கு அவ்வளவு நேரம் கிடையாது. பி.காம். மூளை கணக்குப் போட்டது. ஐந்து பாகம், இரண்டு படம், மொத்தம் சுமார் ஐந்தரை மணி நேரம்.

மறுநாள் ராத்திரி இரண்டாம் பாகம். கடைசியில் மதுராந்தகனுக்குக் கிரீடம் வைத்தார்கள். பெரியப்பா சேரிலிருந்து எழுந்தே விட்டார். "அட, பட்டம் சேந்தன் அமுதனுக்குல்ல போகணும்! கதையோட முடிச்சே அதுதானடா! பூ கட்டிக்கிட்டுத் திரிஞ்ச பையன்தான் நிஜ இளவரசன்னு தெரியும்போது நாங்க எப்படிக் கை தட்டினோம் தெரியுமா?" பேப்பரில் அது முப்பத்தேழாவது ஆட்சேபணை. அடிக்கோடு போட்டு மூடினார்.

அதுவரை ஒரு வார்த்தை பேசாமல் சுவரில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்த பெரியம்மா கேட்டார்.

"முடிஞ்சிருச்சா?"

"முடிஞ்சிருச்சு பெரியம்மா."

"அப்ப மணிமேகலை எப்ப வருவா?"

நான் பெரியப்பாவைப் பார்த்தேன். பெரியப்பா பேப்பரைப் பார்த்தார். முப்பத்தேழு ஆட்சேபணைகளில் மணிமேகலை இல்லை.

புத்தகம் படிக்காதவர்களுக்காகச் சொல்கிறேன். மணிமேகலை, கடம்பூர் மாளிகைப் பெண். கந்தமாறனின் தங்கை. வந்தியத்தேவனை மனசில் வைத்துக்கொண்டு, அவன் மனசில் குந்தவை இருப்பது தெரியாமலே உருகுகிறவள். ஆதித்த கரிகாலன் கொலைப் பழி வந்தியத்தேவன் மேல் விழும்போது, 'நான்தான் கொன்றேன்' என்று சொல்லிப் பழியை ஏற்கத் துணிந்தவள். கடைசியில் சித்தம் கலங்கி, அவன் மடியிலேயே உயிரை விடுகிறாள். அத்தனை ராஜாக்களைப் பற்றி எழுதிய கல்கி, கடைசி அத்தியாயத்தை இவளுக்குத்தான் கொடுத்தார். கிரீடத்தில் முடியவில்லை அந்தக் கதை. இந்தப் பெண்ணின் சாவில் முடிகிறது. படத்தில் இவள் கிடையாது. அண்ணன் கந்தமாறன் இருக்கிறான், தங்கை இல்லை.

மணிரத்னத்தைக் குறை சொல்லிப் பிரயோஜனமில்லை. ஐந்து கிலோ பச்சை ஏலக்காயை உலர்த்தினால் ஒரு கிலோ கிடைத்தாலே பெரிசு. உலர்த்தாவிட்டால் கடைக்கே வராது. ஐந்து பாகத்தை அப்படியே எடுத்திருந்தால் இன்னும் 64 வருஷம் காத்திருக்க வேண்டியதுதான். சுண்டத்தான் வேண்டும். எது சுண்டிப் போச்சு என்பதுதான் கேள்வி.

பெரியம்மா சொன்னார். "குடோன்ல காயைச் சல்லடையில போட்டுச் சலிப்போம்யா. எட்டு எம்.எம். காயி மேல நிக்கும். சின்னது கீழ விழுந்துரும். அதுக்கு வெலை கம்மி. ஆனா வாசத்துல ஒண்ணும் கம்மி கிடையாது. முப்பது வருசம் மோந்து பாத்தவ சொல்றேன்."

இது தத்துவம் என்று அவர் சொல்லவில்லை. ஏலக்காயைப் பற்றித்தான் சொன்னார். ஆனால், எனக்கு மறுநாள் விடியற்காலையில் பார்த்தது அதோடு சேர்ந்துகொண்டது. அந்தப் பக்கத்து ஊர்ப் பெண்கள் இருட்டோடு தூக்குச்சட்டியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு ஜீப்பில் ஏறுகிறார்கள். மலையேறி, கேரளாவில் இருக்கிற தோட்டங்களில் காய் எடுத்துவிட்டு, பொழுதோடு இறங்குகிறார்கள். தோட்டம் அங்கே, வியாபாரம் இங்கே. போடியில் ஸ்பைசஸ் போர்டு மையத்தில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து ஏலம் நடக்கிறது. (ஏலக்காய்க்கு ஏலம்... என்ன பொருத்தம்!) விலைப் பட்டியலில் காய் இருக்கும், எடுத்த கை இருக்காது.

சோழர் கதையிலும் இதேதான். உடையார்குடிக் கல்வெட்டில் ஆதித்த கரிகாலனைக் கொன்ற துரோகிகள் பேர்கூட இருக்கிறது. மணிமேகலைக்குக் கல்வெட்டு கிடையாது. அவள் கல்கியின் கற்பனை. இருந்தும் எழுத்துக் கூட்டத் தெரியாத ஒரு பெண் அரை நூற்றாண்டாக ஞாபகம் வைத்திருப்பது ராஜராஜனை இல்லை, இவளைத்தான்.

சரி, மறுபடி அந்த ராத்திரிக்கு வருகிறேன். பெரியப்பா ஒன்றும் பேசாமல் பரணைக் காட்டினார். ஐந்தாம் பாகத்தை இறக்கித் தூசி தட்டினேன். கண்ணில் புரை விழுந்து அவர் படிப்பதை நிறுத்திப் பல வருஷம் ஆகிறது. நான் படித்தேன், கடைசி அத்தியாயத்தை. நடுவில் ஒரு வரி மங்கியிருந்ததால் தடுமாறினேன். புத்தகம் பார்க்காமலே பெரியப்பா அந்த வரியைச் சொன்னார். அப்புறம் அவரே தொடர்ந்து சொல்லிக்கொண்டு போனார். நான் நிறுத்திவிட்டேன்.

ஐந்தரை மணி நேரப் படத்துக்குக் கலங்காத பெரியம்மா, அந்த ஒரு அத்தியாயத்துக்கு முந்தானையைத் தேடினார். பெரியப்பா குரலும் கடைசியில் சரியாக வரவில்லை. சாரல் காற்று என்று காரணம் சொன்னார்.

படம் புத்தகத்தை அழித்துவிடும் என்று பயந்தார் அல்லவா? பரணில் கிடந்த புத்தகத்தை இறக்கியதே படம்தான். அது மட்டுமில்லை. பக்கத்து வீட்டில் ஒரு தம்பி, தோட்ட வேலைக்கு ஆள் ஏற்றும் ஜீப் ஓட்டுகிறவர், வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். காலையில் வந்து, "தாத்தா, புக்குல வேற மாதிரியா இருக்கும்? முதல் பாகம் குடுங்களேன்" என்றார். இதுவரை யாருக்கும் இரவல் கொடுக்காத பெரியப்பா கொடுத்தார். கூடவே என்னைவிட்டு ஒரு நோட்டில் தேதி, பேர், பாகம் எண் எழுதச் சொல்லி, தம்பியிடம் கையெழுத்தும் வாங்கிக்கொண்டார். கணக்குப்பிள்ளையாயிற்றே!

போடி போகிறவர்களுக்கு ஒரு யோசனை. ஏலக்காய் வாங்காமல் திரும்பாதீர்கள். கடைக்காரர் எட்டு எம்.எம்.மை எடுத்து நீட்டுவார். பச்சைப் பசேல் என்று கண்ணைப் பறிக்கும். அதை மெதுவாக ஒதுக்கிவிட்டு, "அந்தச் சின்னக் காயில கால் கிலோ போடுங்க" என்று கேளுங்கள். ஒரு மாதிரி பார்ப்பார். பார்க்கட்டும். ஆபீஸ் டீயில் தட்டிப் போட்டுப் பாருங்கள், பெரியம்மா சொன்னது சரியா என்று தெரியும்.