தொட்டிலுக்கு மேலே

பிள்ளைத்தமிழில் முதல் ஏழு பருவங்கள் ஆண் குழந்தைக்கும் பெண் குழந்தைக்கும் பொது: காப்பு, செங்கீரை, தால், சப்பாணி, முத்தம், வருகை, அம்புலி. எட்டாவதில் வழி பிரிகிறது. அவன் சிற்றில் சிதைக்கிறான், சிறுபறை கொட்டுகிறான், சிறுதேர் உருட்டுகிறான். அவள் கழங்கும் அம்மானையும் ஆடிவிட்டு ஊசலில் உட்கார்கிறாள். கரும்பலகையில் இதை இரண்டு பத்தியாக எழுதிப்போட்டால் நான் ஒன்றும் சொல்லாமலே மாணவிகள் சிரிப்பார்கள். அவன் சிதைக்கிற மணல்வீட்டைக் கட்டியது யார் மேடம் என்று ஒருத்தி கட்டாயம் கேட்பாள். பட்டினப்பாலையிலும் இப்படி ஓர் இடம் வரும். முற்றத்தில் காயும் தானியத்தைக் கோழி கொத்த வருகிறது. காவல் இருக்கும் பெண் காதுக் குழையைக் கழற்றி எறிகிறாள். அந்தக் குழை, சிறுவர் உருட்டிவரும் மூன்று சக்கரத் தேருக்குத் தடையாகக் கிடக்கிறது. சோழநாட்டின் செல்வச் செழிப்புக்குச் சான்று என்றுதான் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். வண்டி அவனிடம் இருக்கிறது, வேலை இவளிடம் இருக்கிறது என்பதைப் பாடம் நடத்த வந்தபிறகுதான் கவனித்தேன்.

பிரியாத ஏழில் கடைசி அம்புலி. நிலாவைக் காட்டி, கெஞ்சி, மிரட்டி, குழந்தையோடு விளையாட அழைப்பது. அகநானூற்றின் 54ஆம் பாட்டிலேயே ஒரு தாய், பொன்தாலி போட்ட தன் மகனிடம் வந்தால் பால் தருவதாக நிலாவோடு பேரம் பேசுகிறாள். குழந்தையின் தலைக்கு மேலே நாம் தொங்கவிட்ட முதல் பொம்மை நிலாதான் என்று வைத்துக்கொள்ளலாம். யாரும் செய்யவில்லை, யாரும் விற்கவில்லை, ஆண் பெண் பார்க்கவில்லை.

இதையெல்லாம் நான் மறுபடி யோசிக்கக் காரணம் என் தம்பி மனைவி. மூன்றாம் மாதம் அவள் குழந்தையோடு பிறந்தவீட்டிலிருந்து திருவரங்குளத்துக்கு, எங்கள் வீட்டுக்கு வருவதாக இருந்தது. அப்பா காலத்தில் நெல்மூட்டை அடுக்கிய அறையைச் சுண்ணாம்பு அடித்துக் குழந்தைக்கென்று ஒதுக்கியிருந்தோம். “அண்ணி, தொட்டிலுக்கு மேல மாட்ட ஒரு மொபைல் வேணும். கையால செஞ்சதா இருந்தா நல்லது. நீங்களே பார்த்து எடுங்க” என்றாள். அம்மா பக்கத்தில் இருந்து கேட்டுவிட்டு, “மூணு மாசப் புள்ளைக்கு எதுக்குடி மொபைலு?” என்று பதறிவிட்டார். தமிழில் அதற்கு நிலைத்த சொல் இல்லை. அசைபொம்மை என்று வைத்துப் பார்த்தேன். வீட்டில் யாரும் ஏற்கவில்லை. கடைசியில் ‘தொங்கல்’ என்றுதான் நின்றது.

ஆங்கிலத்திலும் அந்தப் பெயருக்கு நூறு வயதாகவில்லை. அலெக்சாண்டர் கால்டர் செய்த அசையும் சிற்பங்களுக்கு 1931இல் மார்செல் துஷாம்ப் வைத்த பெயர் அது. அங்கிருந்து எப்படியோ தொட்டிலுக்கு வந்துவிட்டது. இத்தாலிய ஓவியர் புரூனோ முனாரியின் பெயரில் கறுப்பு வெள்ளையில் ஒன்று உண்டு. மாண்டிசோரி முறையில் பிறந்த சிசுவுக்கு முதலில் அதைத்தான் மாட்டுகிறார்கள். மரியா மாண்டிசோரி 1939இல் சென்னை அடையாறுக்கு வந்து, போர்க்காலம் முழுவதும் இந்தியாவில் இருந்தவர். அவர் நம் தூளியைப் பார்த்திருப்பாரே, என்ன நினைத்திருப்பார் என்று எனக்கு ஓர் ஆசை. பிறந்த குழந்தைக்கு ஒரு சாண், ஒன்றரைச் சாண் தூரம்தான் தெளிவாகத் தெரியும். பால் குடிக்கும்போது அம்மா முகம் இருக்கும் தூரம். வெளிர் நிறங்கள் பிடிபடாது. கறுப்பும் வெளுப்பும் சேரும் விளிம்புதான் கண்ணை இழுக்கும்.

தூளியில் கிடக்கும் பிள்ளைக்குத் தொங்கல் தேவையில்லை என்பது என் கட்சி. அம்மாவின் பழைய சேலை இரண்டு பக்கமும் மூடிக்கொள்ளும். சேலைக்குள் வடிகட்டி வரும் வெளிச்சம், கம்புக்கு மேலே கீற்றாகத் தெரியும் ஓடு, அவ்வளவுதான் உலகம். அதை ஆட்டும் கயிறு அம்மாவின் கால் கட்டைவிரலில் இருக்கும். கை பீடி சுற்றும் அல்லது பூக் கட்டும். தொட்டிலை அழகாகப் பாடியவர்கள் இந்தக் கட்டைவிரலைப் பாடவில்லை. பெரியாழ்வாரின் கண்ணனுக்குப் பிரமன் பொன்தொட்டில் அனுப்புகிறான். மற்ற தேவர்களும் ஆளுக்கொன்று அனுப்புகிறார்கள். நாட்டுப்புறத் தாலாட்டில் தாய்மாமன் சீர் கொண்டுவருகிறான். கொடுப்பவர்களில் பெரும்பாலோர் ஆண்கள். ஆனால் இவள் மரத்தொட்டில் வாங்கியிருந்தாள்; முதுகுவலிக்கு அதுதான் சரி. மல்லாந்து கிடக்கிற பிள்ளைக்கு மேலே வெறும் சுண்ணாம்புதான் தெரியும். கேட்டது நியாயம்தான்.

படம் படமாக அனுப்பினாள். கம்பளித் துணியில் மேகம், நட்சத்திரம். குரோஷாவில் பின்னிய யானை. மரவளையத்தில் ரோஜா நிற வண்ணத்துப்பூச்சி. எல்லாம் இரண்டாயிரத்துக்கு மேல். பையனுக்கு விமானம், பெண்ணுக்கு ஒற்றைக்கொம்புக் குதிரை என்று கடைக்காரர்களே பிரித்துவைத்திருந்தார்கள். எட்டாம் பருவம் வரைகூடக் காத்திருக்கவில்லை. ஒன்றைக் கவனித்தேன். எல்லாப் படமும் பக்கவாட்டில், நிற்கிறவர் கண்ணுக்கு எடுத்தவை. யானையின் முகம் நம்மைப் பார்த்துச் சிரிக்கிறது. படுத்திருக்கும் பிள்ளைக்குத் தெரியப்போவது யானையின் அடிவயிறும் நான்கு பாதமும். சென்னையிலிருந்து வந்த தோழி ஒருத்தி நல்லெண்ணத்தோடு வாங்கிவந்திருந்த ஒன்றை உத்தரத்தில் மாட்டிவிட்டுத் தரையில் படுத்துப் பார்த்தேன். ஆறு வெள்ளை வட்டம். அவ்வளவே.

நூலில் தொங்கும் பொம்மைகள் என்றால் எனக்கு வேறொன்று ஞாபகம் வரும். ஊர் ஊராக அம்மன் கோயில் மரங்களில் கட்டைவிரல் நீளத்துக்கு மரத்தொட்டில்கள், மஞ்சள் துணி சுற்றி, கொத்துக்கொத்தாகத் தொங்குமே, அவை. காற்றடித்தால் எல்லாம் சேர்ந்து சுற்றும். அவற்றில் ஒன்று என் பெயரில் என் அம்மா கட்டியது. எட்டு வருடத் திருமணம், குழந்தை இல்லை, பிறகு விவாகரத்து. மூன்று சொல்லில் முடிந்துவிடுகிற விஷயத்தை ஊர் முந்நூறு வரியாகப் பேசியது. எந்தக் கோயில் என்று எழுதப்போவதில்லை. நான் அந்தப் பக்கம் போனபோது என்னுடையது எது என்று தேடினேன் என்று மட்டும் சொல்கிறேன். எல்லாம் ஒரே அச்சு. மழையில் சாயம் போயிருந்தது. பிள்ளை பிறந்தவள் வந்து அவிழ்க்க வேண்டும் என்பார்கள். பிறக்காதவளின் தொட்டிலுக்கு என்ன முறை என்று யாரும் சொல்லவில்லை. அது கயிறு இற்று விழும்வரை தொங்கும்.

இந்த மாநிலத்தில் தொட்டில் என்ற சொல்லுக்கு இன்னொரு கிளையும் உண்டு. 1992இல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம். பெண் சிசுவைக் கொல்லாமல் இதில் போட்டுவிட்டுப் போங்கள் என்று அரசு வைத்த தொட்டில். மரத்தில் வேண்டிக்கொண்டு கட்டியதும், வேண்டாமென்று போட்டுவிட்டுப் போனதும் ஒரே நாட்டில்தான்.

பெயர் சூட்டும் நாளில் குழந்தையைத் தொட்டிலில் இடுவது அத்தையின் உரிமை. எங்கள் பக்கத்தில் அதில் மாற்றம் கிடையாது. ஆனால் தம்பி மனைவியின் உறவில் ஒரு பெரியவர், “ரெண்டு ஆம்பளப்புள்ள பெத்தவ கையால போட்டா விருத்தியாகும்” என்றார். பொதுவாகச் சொல்வதுபோல, என்னைப் பார்க்காமல். ஒன்றுவிட்ட சகோதரி ஒருத்தி போட்டாள். நான் கிலுகிலுப்பையோடு நின்றேன். தம்பி வாயைத் திறக்கவில்லை. அவன் மனைவி பச்சை உடம்போடு பாயில் உட்கார்ந்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வையின் தொடர்ச்சிதான் ‘நீங்களே பார்த்து எடுங்க’ என்பது எனக்குப் பிறகுதான் உறைத்தது.

புதுக்கோட்டையிலிருந்து ஆலங்குடி போகும் சாலையில் இருக்கிறது எங்கள் ஊர். தலக்கதையே பொற்பனையைப் பற்றியதுதான். அக்கம்பக்கத்தில் பொற்பனைக்கோட்டை; அகழாய்வு நடந்தபிறகு அந்தப் பெயர் செய்தித்தாளில் வரத் தொடங்கியது. 2018 நவம்பரில் கஜா புயல் வந்து இந்தப் பக்கத்துத் தென்னையை எல்லாம் வேரோடு சாய்த்தபோது, பனை நின்றது. ஆனால் ஏறுவதற்கு ஆள் குறைந்துவிட்டது. ஏறுவது ஆண், முடைவது பெண். ஏறுகிறவர் இல்லையென்றால் முடைகிறவளுக்கு ஓலை இல்லை. காரைக்குடிப் பக்கத்துக் கொட்டான் புவிசார் குறியீடு வாங்கிக் கண்காட்சிக்குப் போகிறது. எங்கள் தெரு அப்பாயி முடையும் பெட்டி கருவாடு அள்ளப் போகிறது.

அப்பாயி என் சொந்தப் பாட்டி அல்ல. தெருவே அப்படித்தான் கூப்பிடும். சின்ன வயதில் எங்களுக்கெல்லாம் ஓலைக்கிளியும் காத்தாடியும் செய்துகொடுத்தவர். போய்ச் சொன்னேன். கறுப்பு வெள்ளையில் வேண்டும் என்றதும் முகம் சுளித்தார்.

“என்ன தாயி, பச்சப்புள்ள தலைக்கு மேல கறுப்பா?”

“கன்னத்துல கறுப்புப் பொட்டு, கையில கறுப்பு வளையல் போடுறோமே அப்பாயி?”

“அது கண்ணுபடாம இருக்க.”

“இது கண்ணு பட. புள்ளையோட கண்ணு.”

கொஞ்சநேரம் வெற்றிலையை மென்றார். “அப்ப சரி” என்றார்.

குருத்தோலையை நிழலில் உலர்த்தி, ஈர்க்கு நீக்கி, நகத்தால் வகிர்ந்து ஒரே அகலத்தில் நார் நாராக எடுத்தார். சந்தைச் சாயம் வேண்டாம் என்றேன். கடுக்காய் இடித்துப் பழைய இரும்புச் சட்டியில் ஊறவைத்தோம். கடுக்காயின் துவர்ப்பும் இரும்பும் சேர்ந்தால் தண்ணீர் மையாகக் கறுக்கும். பாதி நாரை அதில் முக்கி எடுத்தார். முதல் குருவி அழகாக வந்தது, மூக்கும் வாலுமாக. அவரைப் பாயில் படுக்கச் சொல்லி மேலே பிடித்துக் காட்டினேன். “அட, ஒண்ணுந் தெரியல. வயிறுல்ல தெரியுது” என்று எழுந்து உட்கார்ந்தவர், வயிற்றுப் பக்கம் கறுப்பும் வெளுப்புமாகக் கட்டம் விழுகிற மாதிரி பின்னலைத் திருப்பிவிட்டார். எந்தக் கடையிலும் யாரும் செய்யாத காரியம். எண்பது வயதுக்குப் பக்கம் இருக்கும். அன்று அவர் படுத்து எழுந்தது நான்கு தடவை. ஐந்து குருவி, ஒரு மீன். ஓலை முனையெல்லாம் உள்ளே மடக்கி, மூங்கில் வளையத்தில், நூல் சாண் நீளத்துக்கும் குறைவாக. நூல் நீண்டால் கழுத்தில் சுற்றும். பிள்ளை கையூன்றி எழும்பத் தொடங்கும்போது, அதாவது ஐந்தாம் மாதம் வாக்கில், மொத்தத்தையும் கழற்றிவிட வேண்டும். இதை அவரிடம் சொன்னபோது, “சாமானுக்கு ஆயுசு ரெண்டே மாசமா?” என்று சிரித்தார். கம்பளி யானையின் விலையையே கொடுத்தேன். இரண்டு தடவை எண்ணிவிட்டு, பாதியைத் திருப்பி நீட்டினார். வாங்கவில்லை.

தம்பி மனைவி வந்த மறுநாள் அப்பாயி அதைக் கொண்டுவந்தார், கொல்லைப்புற வழியாக. அடுப்படி வாசலோடு நின்றுவிட்டார். மாட்டிக்கொடுங்கள் என்றால் வரமாட்டேன் என்கிறார்.

“தாலியறுத்தவ தொட்டில்கிட்ட முதமுதல்ல வந்து நிக்கக் கூடாதுத்தா. நீ கொண்டுபோயி மாட்டு.”

அம்மா ஒன்றும் சொல்லாமல் குழம்பைக் கிண்டிக்கொண்டிருந்தார். அவர் முடைந்த குருவி பிள்ளையின் தலைக்கு மேலே இரவும் பகலும் சுற்றலாம். முடைந்த கை மட்டும் அடுப்படியைத் தாண்டக் கூடாது. எனக்கும் ஒரு கணம் கை நீளவில்லை. மாட்டு என்று அவர் நீட்டியது என்னிடம். அறைக்குள் முதலில் போகத்தக்கவள் என்று ஊர் கணக்கில் நானும் இல்லை. நாங்கள் இரண்டு பேரும் அந்த வளையத்தை நடுவில் பிடித்துக்கொண்டு நின்றது இப்போது நினைத்தால் சிரிப்பாக வருகிறது.

தம்பி மனைவி பிள்ளையைத் தோளில் போட்டபடி வந்து பார்த்தாள். என்ன நடக்கிறது என்று அவள் கேட்கவில்லை. “அப்பாயி, அந்த முடிச்சு உங்களுக்குத்தான் தெரியும்னு அண்ணி சொன்னாங்க. நான் கட்டினா அவுந்து புள்ள மேல விழுந்துரும்” என்றாள். பிறகு பிள்ளையை என் கையில் கொடுத்தாள். “நீங்க தொட்டில்ல போடுங்க அண்ணி. நான் ஸ்டூலைப் பிடிச்சுக்கிறேன்.” குரல் உயரவில்லை. அடுப்படியில் கரண்டி நின்றது. பின்பு மறுபடி ஓடியது.

போட்டேன். மூன்று மாதப் பிள்ளை இவ்வளவு கனக்கும் என்று நினைக்கவில்லை.

அப்பாயி ஸ்டூல் மேல் ஏறி, ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு, உத்தரக் கொக்கியில் நூலைக் கட்டினார். பிறகு இறங்கித் தொட்டிலுக்கு மேலே குனிந்து, சரியான உயரமா என்று பார்த்தார். ஒரு காலத்தில் தண்டட்டி போட்டு வளர்த்த காது. இப்போது வெறுங்காது, தோளைத் தொட்டு ஆடும். பிள்ளை குருவியைப் பார்க்கவில்லை, மீனைப் பார்க்கவில்லை. அந்தக் காதையே பார்த்தது. காது இடப்பக்கம் போனால் இடப்பக்கம், வலப்பக்கம் வந்தால் வலப்பக்கம்.

“எங்க பாக்குது பாரு, கழுத” என்றார் அப்பாயி. நிமிர்ந்து, “நூலு ஒரு வெரக்கட கூடப் போச்சு” என்று முனகிவிட்டு மறுபடியும் ஸ்டூல் மேல் ஏறினார்.