காசுக்கும் உண்டு ஜி.பி.ஏ.!

கிரெடிட், அரியர், ஜி.பி.ஏ. எல்லாம் காலேஜோட முடிஞ்சு போச்சுன்னு நிம்மதியா இருக்கீங்களா மக்களே? அப்ப நாணய சேகரிப்பு பக்கம் வந்துடாதீங்க. அங்கயும் ஜி.பி.ஏ. இருக்கு. சத்தியமா அதே பேர்லதான் :-)

முதல்ல அடிப்படை. 1949-ல வில்லியம் ஷெல்டன்னு ஒருத்தர், பழைய அமெரிக்கச் செப்புக் காசுகளுக்காக 1 முதல் 70 வரை ஒரு அளவுகோல் போட்டார். 1986-ல பி.சி.ஜி.எஸ்., 1987-ல என்.ஜி.சி.ன்னு ரெண்டு அமெரிக்க நிறுவனங்கள் அதே அளவுல காசுக்கு மார்க் போட்டு, பிளாஸ்டிக் டப்பாவுல சீல் வெச்சுத் தர ஆரம்பிச்சாங்க. 60-க்கு மேலன்னா புழக்கத்துக்கே போகாத காசு. 70-ன்னா லென்ஸ் வெச்சுப் பார்த்தாலும் குறையில்லாத காசு.

அப்புறம் வந்துச்சு போட்டி. ஒரே வகைக் காசை வருஷ வாரியா சேர்க்கறவங்கள்ல யார் செட் உசத்தி? அதுக்குத்தான் பதிவேடு. பி.சி.ஜி.எஸ். கணக்கு நம்ம மார்க் ஷீட்டேதான். சுலபமா கிடைக்கிற காசுக்குக் கம்மி வெயிட், அபூர்வமான காசுக்கு அதிக வெயிட். கையில இருக்கறதோட சராசரி, ஜி.பி.ஏ. மொத்த செட்டுக்கும் வகுத்தா வர்றது, ரேட்டிங். இல்லாத காசு அரியர் மாதிரி, பூஜ்யம்.

உதாரணத்துக்கு மூணு காசு, வெயிட் 1, 1, 8-ன்னு வெச்சுக்கங்க. சுலபமான ரெண்டும் 65 மார்க், மூணாவது இல்லை. ஜி.பி.ஏ. 65, ஆனா ரேட்டிங் வெறும் 13! மூணாவதை 60 மார்க்ல வாங்கிட்டா ரேட்டிங் 61-க்கு எகிறிடும். என்.ஜி.சி. வழி வேற. அவங்க ஒவ்வொரு காசுக்கும் புள்ளி கொடுத்துக் கூட்டிடுவாங்க. அங்கே பாதி செட்கூட முழு செட்டை முந்தலாம்.

நல்ல கணக்குதான். ஆனா ரேங்க்னு வந்துட்டா மனுஷன் சும்மா இருப்பானா? 1963-ல அடிச்ச அமெரிக்க ஒரு சென்ட் காசு, 70 மார்க் வாங்கின ஒரே காரணத்துக்காக, 2003-ல 39,100 டாலருக்கு ஏலம் போச்சு. ஒரு மார்க் குறைஞ்சிருந்தா அதுல சின்னத் துண்டுகூடத் தேறியிருக்காது.

எங்க ஓசூர் சிப்காட்ல எந்தக் கம்பெனிக்குப் போனாலும் கேஜ் வெச்சு அளக்கறவர் ஒருத்தர் இருப்பார். ஓகே, ரீவொர்க், ரிஜெக்ட். கேஜ் பொய் சொல்லாது. ஆனா அளக்கறதை மட்டும்தான் சொல்லும். பதிவேடும் அப்படித்தான். காசு எவ்வளவு புதுசா இருக்குன்னு அளக்கும். எங்கெல்லாம் போயிட்டு வந்துச்சுன்னு அளக்காது.

எங்க ஆயாகிட்ட ஒரு விக்டோரியா வெள்ளி ரூபாய் இருந்துச்சு. கழுத்துல கோர்த்துப் போட மேல வளையம் பத்தவெச்சிருந்தாங்க. பஞ்சத்துல வளையத்தை மட்டும் பிரிச்சு வித்துட்டு ரூபாயை வெச்சுக்கிட்டாங்களாம். பத்தவெச்ச தழும்பு இன்னும் இருக்கு. இந்த மாதிரிக் காசை அனுப்பினா 'அசல்தான், ஆனா சேதம்'னு எழுதித் தருவாங்க, மார்க் கிடையாது. மார்க் இல்லன்னா வெயிட்டால பெருக்க என்ன இருக்கு?

அனுப்பவும் முடியாதுங்கறது அடுத்த விஷயம். 1972-ல வந்த தொல்பொருள் சட்டப்படி நூறு வயசு தாண்டின எந்தக் காசும் தொல்பொருள். அரசோ, அரசு அனுமதிச்ச அமைப்போ தவிர யாரும் நாட்டை விட்டு அனுப்பக்கூடாது. மீறினா ஆறு மாசத்துல இருந்து மூணு வருஷம் வரை ஜெயில். மார்க் போடறவங்க ஃப்ளோரிடாவுலயும் கலிஃபோர்னியாவுலயும் உட்கார்ந்திருக்காங்க. அதனால நம்ம ஊர் பெட்டிகள்ல இருக்கற விக்டோரியா, எட்வர்டு ரூபாய்கள் எவ்வளவு பளபளன்னு இருந்தாலும் அந்த மேஜைக்குப் போக முடியாது. பதிவேட்டுல முதலிடம்னா, டப்பாவுக்குள்ள போன காசுகள்ல முதலிடம். அவ்வளவுதான்.

இன்னொண்ணும் சொல்லணும். தினமலர் இரா. கிருஷ்ணமூர்த்தி 1980-கள்ல ஒரு தேய்ஞ்ச செப்புக் காசுல தமிழ் பிராமி எழுத்தைப் படிச்சார். 'பெருவழுதி'. சங்கப் பாட்டுல கேட்ட பாண்டியர் பேர், அவங்க காலத்துக் காசுலயே கிடைச்சது. பளபளப்புக்கு மார்க் போட்டா அந்தக் காசு எத்தனை வாங்கும்? ஆனா அதுல எழுதியிருந்ததைப் படிக்க ஒரு ஆள் வேணுமே.

அதுக்காகப் பதிவேடு வேண்டாம்னு சொல்லலை. எது சுலபம், எது அபூர்வம்னு கத்துக்க அந்த வெயிட் பட்டியலை விட நல்ல பாடம் கிடைக்காது. நான் ஆறாம் ஜார்ஜ் ரூபாய்களை அப்படித்தான் சேர்க்கறேன். 1938, 39 நல்ல வெள்ளி, 1940 முதல் 45 வரை பாதி வெள்ளி, 1947 நிக்கல். 1939 மட்டும் கையில சிக்க மாட்டேங்குது, விலையைக் கேட்டா தலை சுத்துது. டப்பா வேண்டாம், ரேங்க்கும் வேண்டாம்னு முடிவு பண்ணிட்டேன். எப்படியும் 2038-ல என் முதல் ரூபாய்க்கும் நூறு வயசு ஆயிடும், அதுவும் எல்லை தாண்ட முடியாது :-)

உங்க வீட்டுப் பெட்டியில பழைய ரூபாய் இருந்தா, புளி போட்டுத் தேய்ச்சுடாதீங்க சாமி. அந்தக் கருப்பு அப்படியே இருக்கட்டும். யார் கொடுத்தது, எப்பன்னு ஒரு சீட்டுல எழுதிக் கூடவே வையுங்க. அந்தக் கதைகளைப் பின்னூட்டத்துல சொன்னீங்கன்னா இன்னும் சந்தோஷம்.